பட்டறையும் பட்டமும்

சுவிட்சர்லாந்தின் மலைச்சரிவொன்றில், சும்விட்க் என்னும் சிற்றூரின் அருகே, புனித ஆசீர்வாதப்பர் பெயரால் ஒரு சிற்றாலயம் நிற்கிறது. 1984-இல் பனிச்சரிவு பழைய ஆலயத்தை அழிக்க, 1988-இல் எழுந்தது இது. புறச்சுவரெங்கும் மரச்சில்லுகள் மீன் செதிள்போல் அடுக்கப்பட்டுள்ளன. நாம் படத்தில் மட்டுமே கண்ட ஆலயந்தான். ஆயினும் மரத்தைப் பழகிய கை செய்தது என்று அறியப் படமே போதும்.

அதை அமைத்த பீட்டர் சும்தோர் தச்சர் ஒருவரின் மகன். தாமும் 1958 முதல் 1962 வரை தச்சுத்தொழில் பழகினார். வடிவமைப்புக் கல்வி அதன் பின்னரே வந்தது. 2009-இல் கட்டடக் கலையின் தலைசிறந்த பிரிட்ஸ்கர் பரிசு அவரைத் தேடி வந்தது.

பட்டறை போதும், கல்லூரி வேண்டா என்று நாம் சொல்லவில்லை. பலர் கூடும் மண்டபம் தீப்பற்றினால் எத்தனை வாயில்கள் வேண்டும் என்பதைத் தச்சுமேசை கற்பிக்காது. ஆனால் கல்லூரிக்குள் நுழையும் வழி ஏன் ஒன்றாகவே இருக்கவேண்டும்?

நம் நாட்டிலும் ஒருகால் வேறு வழி இருந்தது. 1972-ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர் சட்டம், அதற்குமுன் ஐந்தாண்டுகளேனும் இத்தொழிலை நடத்தியவர்களை, பட்டமில்லாதபோதும் பதிவேட்டில் ஏற்றது. பின்வந்தோருக்கு ஏற்கப்பட்ட கல்வித்தகுதி வேண்டும். அச்சட்டம் காப்பது பெயரையே, தொழிலையன்று என 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையைச் செய்யலாம், பெயரைச் சூடலாகாது!

இங்கிலாந்து 2018-இல் இரண்டையும் இணைத்தது. தொழிற்பழகுநர் அலுவலகத்தில் ஊதியம் பெற்றவாறே பல்கலைக்கழகத்திலும் பயின்று, பதிவுபெற்ற கலைஞராகலாம். கல்விக் கட்டணம் அவர் தலையில் விழாது. ஆனால் 2026 சனவரி முதல், புதிதாகச் சேர்வோரில் பெரும்பாலும் 22 வயதுக்குட்பட்டோருக்கே முதுநிலைப் பயிற்சிக்கு அரசு நிதி என்றாயிற்று. இளநிலை முடிக்கவே அவ்வயது ஆகிவிடுமே! திறந்த கதவு பாதி மூடியதாகவே நமக்குப் படுகிறது.

இவற்றையெல்லாம் நாம் தேடிப் படித்தது நம் பங்கைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்காக. தந்தை கொத்தனார். பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்று, ஒப்பந்ததாரர் ஒருவரிடம் வரைபடம் வரைகிறாள். பட்டயத்தோடு கட்டடக் கலைப் பட்டப்படிப்பில் சேரலாமே என்றோம். "சேரலாம் ஐயா, ஐந்து வருசம் என் சம்பளமில்லாம வீடு எப்படி ஓடும்?" என்றாள்.

நமது ஆலய முகப்பின் வரைபடமும் அவள் வரைந்ததே. முதியோர் ஏறவேண்டுமே என்று, ஏழரை அங்குலமாக இருந்த படிகளை ஆறாகக் குறைத்து, ஒரு படி கூட்டியிருந்தாள். பங்குத்தந்தை அதை உடனே ஏற்றுக்கொண்டார். தாளின் கீழே கையொப்பம் மட்டும் வேறொருவருடையது.