எந்த சீட்டுக்கு?

அறுபதை நெருங்கும் ஆசாமி காரில் பாட்டு செட் மாட்டப் போகிறேன் என்று கிளம்பினால் வீட்டில் என்ன மரியாதை கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "இந்த வயசுல டம்மு டம்முன்னு போட்டுக்கிட்டு எங்க போகப் போறீங்க?" என்றாள் மனைவி.

"என்னது?" என்றேன்.

திரும்பச் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள். இந்தக் கட்டுரைக்கு அந்த 'என்னது'தான் கதாநாயகன் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கார் செகண்ட் ஹேண்ட். அதில் இருந்த ஸ்பீக்கர்கள் அதைவிடப் பழசு. இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. மவுன்ட் ரோட்டிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். ஜி.பி. ரோடு என்றால் சென்னையில் எல்லா கார்காரர்களுக்கும் தெரியும். வண்டியை மெதுவாக ஓட்டினாலே நாலு பையன்கள் கூடவே ஓடி வருவார்கள். அகப்பட்ட ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) மூன்று மணி நேரத்தில் நாலு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப், டிக்கியில் ஒரு பேஸ் பாக்ஸ் என்று மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

வீடு வருவதற்குள் மூன்று விஷயங்கள் புரிந்தன. பேஸ் பாக்ஸ் இடிக்கிறது, ஆனால் பாடவில்லை. கதவுத் தகரம் தனியாகத் தாளம் போடுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ஒரு கொசு 'ஙொய்ய்' என்று கிளம்பி, இன்ஜின் வேகம் ஏற ஏற அதுவும் சுருதி ஏறுகிறது.

நண்பர் ஒருவர் அம்பத்தூரில் ஒரு ஷெட்டுக்கு அனுப்பினார். போர்டு கிடையாது. எல்லோரும் 'மாஸ்டர்' என்று கூப்பிடும் ஒரு பெரியவர், உதவிக்குப் பத்தொன்பது வயதில் ஒரு பையன். அன்று ஞாயிற்றுக்கிழமை, மகளும் கூட வந்திருந்தாள்.

மாஸ்டர் டிக்கியைத் திறக்கவே இல்லை. பாட்டைப் போடச் சொல்லிவிட்டு, விரலை மடக்கி டோர் பேடைத் தட்டினார். "சார், ஸ்பீக்கர் பாடல. உங்க கதவு பாடுது."

பேடைக் கழற்றினால் உள்ளே தகரத்தில் பெரிய பெரிய ஓட்டைகள். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பின்பக்கத்து அலை இந்த ஓட்டைகள் வழியாக வெளியே வந்து முன்பக்கத்து அலையோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, பேஸ் காணாமல் போகும். தார்ப்பட்டை மாதிரி இருந்த பியூட்டைல் ஷீட்டை ஒட்டி ஓட்டைகளை அடைத்தார்கள். கதவைச் சாத்தும் சத்தமே மாறிவிட்டது.

அடுத்து, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஒன்றரை வோல்ட் செல் ஒன்றை எடுத்து ஸ்பீக்கர் வயரில் ஒரு கணம் தொட்டார். வலது கதவில் கூம்பு வெளியே வந்தது. இடது கதவில் உள்ளே போனது. பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்! "புருஷன் பொண்டாட்டி மாதிரிதான் சார். ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுத்தா நடுவுல என்ன மிஞ்சும்?"

கொசுவுக்கும் காரணம் கிடைத்தது. எர்த் வயரைப் பெயின்ட் அடித்த போல்ட்டில் முடுக்கியிருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகரத்தில் முடுக்கினார். பேட்டரி வயரும் பாட்டு வயரும் கைகோத்துக்கொண்டு ஒரே பக்கம் போயிருந்தன. இரண்டையும் காரின் இரண்டு ஓரங்களுக்குப் பிரித்தார். கொசு செத்தது. பேட்டரிப் பக்கம் பார்த்தபோதுதான் அவர் முகம் மாறியது. ஃப்யூஸே இல்லை. "பேட்டரிலேர்ந்து ஒண்ணரை அடிக்குள்ள ஃப்யூஸ் இருக்கணும் சார். வயர் எங்கயாவது உரசினா வண்டியே எரிஞ்சிரும்." நீங்கள் காரில் ஆம்ப் வைத்திருந்தால், இதைப் படித்து முடித்ததும் ஒரு தடவை பானெட்டைத் திறந்து பாருங்கள்.

அப்புறம்தான் ட்யூனிங். ஆம்பில் இருக்கும் கெயின் என்பது வால்யூம் அல்ல. ஸ்டீரியோ அனுப்பும் வோல்டேஜுக்கு ஆம்பைப் பொருத்தி வைக்கும் திருகு. அதை அதிகமாகத் திருகினால் அலையின் தலை சீவப்பட்டு ட்வீட்டர் எரிந்துபோகும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை பேஸ் பாக்ஸுக்கும் மேலே இருப்பதைக் கதவுகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். ஈக்வலைசரில் நான் ஏற்றி வைத்திருந்ததையெல்லாம் இறக்கினார். "கூட்டாதீங்க சார், குறைங்க. பேஸை ஆறு டெசிபெல் ஏத்தினா ஆம்ப் நாலு மடங்கு பவர் குடுக்கணும். எங்கேர்ந்து குடுக்கும்?"

கடைசியாக டேப் எடுத்து என் தலையிலிருந்து அளந்தார். வலது கதவு ஸ்பீக்கர் 80 சென்டிமீட்டர். இடது கதவு 130. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அரை மீட்டர் வித்தியாசம் என்றால் இடப்பக்கத்துச் சத்தம் ஒன்றரை மில்லி செகண்ட் தாமதமாக வரும். அதனால் வலப்பக்கத்தை ஒன்றரை மில்லி செகண்ட் காக்க வைத்தார்.

அதுவரை கதவுக்குள் சிக்கிக் கிடந்த பாடகி சட்டென்று எழுந்து டேஷ்போர்டின் நடுவில் வந்து நின்றாள். எனக்குப் புல்லரித்தது.

"ஒண்ணு சார். இது டிரைவர் சீட்டுக்கு மட்டும்தான். பக்கத்து சீட்டுல உக்கார்றவங்களுக்கு முன்னைவிடக் கோணலாத்தான் கேக்கும்."

"பரவாயில்லை, ஓட்டறது நான்தானே" என்றேன்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். எனக்கு ஒரு குறை பாக்கி. "மாஸ்டர், ஜால்ரா சத்தம் மங்கலா இருக்கு. ட்ரெபிள் கொஞ்சம் ஏத்துங்க." ஏற்றினார். இன்னும் கொஞ்சம் என்றேன். பின்சீட்டில் இருந்த மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "அப்பா, காது கிழியுதுப்பா!"

மாஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாட்டை நிறுத்திவிட்டு, போனிலிருந்து வெறும் விசில் சத்தம் போட்டார். ஆயிரம் ஹெர்ட்ஸ், நாலாயிரம், ஆறாயிரம். "கேக்குதா?" நாலாயிரத்திலேயே தேய்ந்துவிட்டது. எட்டாயிரத்தில், "நிறுத்திட்டீங்களா?" என்றேன்.

"இல்லப்பா, கேக்குதே" என்றாள் மகள். பன்னிரண்டாயிரம், பதினாலாயிரம் என்று போய்க்கொண்டே இருந்தது. அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு நிசப்தம்.

"எனக்கும் கேக்கல சார்" என்றார் மாஸ்டர் சாதாரணமாக. "முப்பது வருஷமா ஸ்பீக்கருக்கு முன்னாடி உக்காந்தா வேற என்ன ஆவும்? மேல் சத்தமெல்லாம் பையன்தான் கேட்டுச் சொல்வான். அவன்தான் என் காது." பையன் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

அடுத்த வாரம் காது டாக்டரிடம் போனேன். பஞ்சு வைத்த அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வந்த வரைபடத்தில் கோடு 2,000 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக வந்து, அப்புறம் மலைச்சரிவு மாதிரி இறங்கியது. "என்ன வேலை பார்த்தீங்க?" என்றார் டாக்டர். இருபத்தெட்டு வருடம் அச்சகத்தில், ரோட்டரி மெஷின் பக்கத்தில். அவர் ஆச்சரியப்படவில்லை.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 85 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம். மூன்று டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டு மணி. காதுக்குள் இருக்கும் நுண்ணிய மயிர் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. உச்ச ஸ்தாயிக்கான செல்கள் வாசலிலேயே இருப்பதால் பெரும்பாலும் முதலில் போவது அவைதான்.

"ச, ஸ, ஃப, த இதெல்லாம் மேல் அலைவரிசை எழுத்துங்க" என்றார் டாக்டர். "பேசறது கேக்கும். என்ன பேசறாங்கன்னு புரியாது. வீட்ல யாராவது முணுமுணுக்கறாங்கன்னு சண்டை போடுவீங்களே?"

நான் பதில் சொல்லவில்லை. ஆறேழு வருடமாக எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும் சண்டை அது ஒன்றுதான். "வாயைத் திறந்து பேசேன், வாய்க்குள்ளேயே முனகினா எப்படி?" என்று கத்தியிருக்கிறேன், விருந்தாளிகள் முன்னால்கூட. அவள் கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். வயதானால் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று ஆறேழு வருடம் திட்டியிருக்கிறேன். கெட்டது என் பக்கம்.

ரிப்போர்ட்டை அவளிடம் காட்டினேன். நீளமாகப் பார்த்தாள். "அப்ப நான் சரியாத்தான் பேசியிருக்கேன்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

காதுக் கருவிக்கு அளவு கொடுத்திருக்கிறேன், இரண்டு வாரத்தில் வரும். அதற்குள் ஒரு வேலை பாக்கி இருந்தது. அம்பத்தூர் போய் மாஸ்டரிடம், தாமதத்தை இடது ஸ்பீக்கருக்கு மாற்றி, பக்கத்து சீட்டுக்கு ட்யூன் பண்ணித் தரச் சொன்னேன். ட்ரெபிள் எவ்வளவு என்று பையன் கேட்டுச் சொன்னான். மாஸ்டர் காரணம் கேட்கவில்லை. கூலியும் வாங்கவில்லை.

போன ஞாயிறு காஞ்சிபுரம் போனோம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அவள் ஏதோ சொன்னாள்.

"என்னது?" என்றேன்.

பாட்டின் வால்யூமைக் குறைத்துவிட்டு, என் பக்கம் முழுசாகத் திரும்பி, திரும்பச் சொன்னாள். "பாடறவ எனக்கு நேரா நின்னு பாடற மாதிரி இருக்குங்க."

எனக்கு வலது கதவிலிருந்து, கோணலாகத்தான் கேட்டது.