நம் மேசையில் இருப்பது யாருடைய கணினி?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அன்றிலிருந்து களத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணே, 11-க்கு மாறணுமா? மாறினா நம்ம ஃபைல் எல்லாம் என்ன ஆகும்?" எஃப்.ஐ.ஆர். பற்றியும் இழப்பீடு பற்றியும் கேட்கும் அதே பிள்ளைகள்தான் இதையும் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கேட்டுக்கொள் என்று எங்களால் தள்ளிவிட முடியவில்லை. காரணம், நம் கணினிகளுக்குள் இருப்பது நம்முடையது மட்டுமல்ல.

வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியும் குழுவாகப் போகிறோம். அடிபட்டவரின் வாக்குமூலம், காயத்தின் புகைப்படம், மருத்துவமனைச் சீட்டு, சாட்சி சொல்ல முன்வந்தவரின் பெயர், அவர் வேலை பார்க்கும் தோட்டம், அவர் பிள்ளை படிக்கும் பள்ளி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வருகிறோம். அறிக்கையில் பாதிதான் வெளியாகும். மீதிப் பாதி ஒரு லேப்டாப்பில் இருக்கும்.

ஒரு ஊரில் ஒரு தாய் பேசி முடித்தபின் கேட்டார்: "தம்பி, நான் சொன்னதெல்லாம் எங்க போவும்?" மகளுக்கு நடந்ததை அதுவரை அவர் தன் தங்கையிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. "எங்ககிட்ட இருக்கும்மா. வக்கீலுக்கும் கோர்ட்டுக்கும் போவும். வேற எங்கயும் போவாது" என்றோம். எல்லா ஊரிலும் இந்தக் கேள்வி வருகிறது, வாய்விட்டுக் கேட்காதவர்களும் கண்ணால் கேட்கிறார்கள். நாங்களும் இதே பதிலைத்தான் சொல்கிறோம். இந்தக் கட்டுரை அந்தப் பதிலைக் காப்பாற்றுவது பற்றியது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம், 15ஏ என்ற பிரிவைக் கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் உள்ள உரிமைகளை அது பட்டியலிடுகிறது. சாட்சியின் பெயரையும் முகவரியையும் வெளியே தெரியாமல் வைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்பது அதில் ஒன்று. போக்சோ சட்டத்தில் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். நீதிமன்றம் மூடி வைக்கச் சொல்லும் பெயர் நம் கணினியிலிருந்து வெளியே போனால், அதற்கு விலை கொடுப்பது நாம் அல்ல. மறுநாளும் அதே ஊரில் அதே பண்ணையாரிடம் கூலிக்குப் போக வேண்டியவர்தான் கொடுப்பார்.

அந்தரங்கம் என்பது பணக்காரர்களின் கவலை என்று நம் தோழர்களிலேயே சிலர் நினைக்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. சேரியில் யார் வீட்டில் என்ன அடுப்பு எரிகிறது, யார் புதுச் சட்டை போட்டிருக்கிறார், எந்தப் பெண் எந்தப் பையனோடு பேசினாள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊர்த்தெருவில் என்ன நடக்கிறது என்று பார்க்கச் சேரிக்காரர் செருப்போடு அங்கே நடக்க முடியாது. அவர்கள் நம்மைப் பார்க்கலாம், நாம் அவர்களைப் பார்க்கக் கூடாது. சாதியின் வேலையில் பாதி இதுதான்.

அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டுப் படிப்பு முடித்து பரோடாவில் வேலைக்குப் போனபோது, தங்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரோடு தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஆட்கள் வந்து நின்றார்கள். தகவல் எந்த வழியாகக் கசிந்தது என்பது அவருக்குத் தெரியாது. தன்னைப் பற்றிய ஒரே ஒரு தகவல் யார் கையில் இருக்கிறது என்பதுதான் அன்று அவருக்குத் தலைக்கு மேல் கூரை இருக்குமா இல்லையா என்பதைத் தீர்மானித்தது. நகரத்தில் வாடகைக்கு வீடு தேடும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது இயங்குதளத்துக்கு வருவோம்.

பழைய விண்டோஸ்களில் கணினியை வாங்கினால், ஒரு பெயரும் கடவுச்சொல்லும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு முதல் முறை திறக்கும்போதே இணைய இணைப்பையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்கிறது. அந்தக் கணக்கோடு ஒன்டிரைவ் வருகிறது. அது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் கோப்புறைகளைத் தன் சேவையகத்தில் நகலெடுத்து வைக்க முன்வருகிறது. விளம்பரத்துக்கென்று ஒவ்வொரு பயனருக்கும் ஓர் அடையாள எண் இருக்கிறது. கணினி எப்படி இயங்குகிறது என்ற தகவல்களில் ஒரு பகுதியை நிறுத்திக்கொள்ளலாம். 'தேவையானவை' என்று அவர்கள் வகைப்படுத்திய பகுதியை வீட்டுப் பதிப்பில் நிறுத்த வழியில்லை. 2024 ஏப்ரலில் ஸ்டார்ட் மெனுவிலேயே செயலிகளுக்கான விளம்பரம் வரத் தொடங்கியது. அமைப்புகளுக்குள் போய் அதை அணைக்கலாம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருளில் நாம் ஏன் தேடித் தேடி அணைக்க வேண்டும்?

பயனர்களுக்கு எரிச்சல் வருவதும் இங்கேதான். 'உங்கள் கணினி அமைப்பை முடிக்கலாம் வாருங்கள்' என்று ஒரு திரை வரும். அதில் 'தொடர்க' இருக்கும், 'மூன்று நாளில் நினைவூட்டு' இருக்கும். 'வேண்டாம்' இருக்காது. நம் மக்களுக்கு இது புதிதல்ல. பஞ்சாயத்தில் 'சரி' என்று சொல்லும்வரை திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். களைத்துப்போய்ச் சொல்லும் 'சரி'யைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். சமரசத்துக்கு இழுக்கப்பட்ட எத்தனை வழக்குகளில் இதைப் பார்த்திருக்கிறோம்!

இதைவிடப் பெரிய விஷயம் 'ரீகால்'. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் இதை அறிவித்தது. கோபைலட் பிளஸ் என்ற புதுவகைக் கணினிகளில், திரையில் தெரிவதைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை படம் பிடித்து, அதில் உள்ள எழுத்துகளையும் தேடும்படி சேமித்து வைக்கும் வசதி. சேமிப்பது கணினிக்குள்ளேயேதான், வெளியே அனுப்பவில்லை என்றார்கள். பாதுகாப்பு ஆய்வாளர்கள் அந்தச் சேமிப்பைத் திறந்து பார்த்துவிட்டு, அதை யாரும் எளிதாகப் படிக்கலாம் என்று காட்டினார்கள். கூச்சல் எழுந்தது. அடுத்த மாதமே வெளியீட்டைத் தள்ளி வைத்தார்கள். பிறகு பயனர் விரும்பினால் மட்டும் இயங்கும், மறைகுறியாக்கம் உண்டு, திறக்க முகமோ விரல்ரேகையோ பின் எண்ணோ வேண்டும் என்று மாற்றி, 2025 ஏப்ரலில் வெளியிட்டார்கள். அதன்பிறகும் சிக்னல் செயலி அதை நம்பவில்லை. தன் உரையாடல்களை விண்டோஸ் படம் பிடிக்காதபடி 2025 மே மாதம் ஒரு தடையை இயல்பாகவே போட்டுவிட்டது.

இதில் நமக்கு என்ன? சிக்னலில் செய்தி தானாக அழியும்படி நீங்கள் வைத்திருக்கலாம். எதிர்முனையில் இருப்பவரின் கணினி திரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தால் உங்கள் எச்சரிக்கைக்குப் பொருளில்லை. ஒரு சாட்சியின் பாதுகாப்பு, அந்தக் குழுவிலேயே மிகக் கவனக்குறைவாக அமைக்கப்பட்ட கணினியின் அளவுதான் இருக்கும்.

சாவி பற்றியும் ஒன்று. புது விண்டோஸ் 11 கணினிகளில் வன்தட்டு மறைகுறியாக்கம் பெரும்பாலும் தானாகவே இயங்கிவிடுகிறது. நல்லதுதான், லேப்டாப் திருடு போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஆனால் அதன் மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்காருகிறது. பூட்டு நம் வீட்டில், மாற்றுச் சாவி நிறுவனத்திடம். கணக்கின் கடவுச்சொல்லை மறந்துபோய், சாவி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல், தன் ஆய்வேட்டைத் தானே திறக்க முடியாமல் நிற்கும் மாணவருக்கும் இதே ஏற்பாடுதான்.

"நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு தோழர்?" என்று கேட்பவர்களுக்குப் பீமா கோரேகான் வழக்கை நினைவுபடுத்துகிறோம். அந்த வழக்கில் கைதான ரோனா வில்சனின் லேப்டாப் நகலை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டபடி அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் ஆராய்ந்தது. 22 மாதங்களுக்கு மேலாக யாரோ அதற்குள் நுழைந்திருந்தார்கள், வழக்கில் ஆதாரமாகக் காட்டப்படும் கடிதங்களை அவர்களே உள்ளே வைத்தார்கள் என்று 2021 பிப்ரவரியில் அந்த அறிக்கை சொன்னது. தேசியப் புலனாய்வு முகமை அதை ஏற்கவில்லை. இதே வழக்கில்தான் ஆனந்த் தெல்தும்டே 2020 ஏப்ரல் 14 அன்று, அண்ணலின் பிறந்தநாளில், கைதானார். ஸ்டேன் சுவாமி ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று இறந்தார்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கோரேகான் வழக்கில் நடந்ததாக அறிக்கை சொல்வது மின்னஞ்சல் வழியாக வந்த தீநிரல். அதை இயங்குதளத்தைச் செய்த நிறுவனத்தின் மேல் போட முடியாது. சொல்லப்போனால் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத பழைய விண்டோஸை இணையத்தில் வைத்திருப்பது அப்படிப்பட்ட தீநிரலுக்குக் கதவைத் திறந்து வைப்பது. அதனால் "10-இலேயே இருந்துகொள்" என்று நாங்கள் சொல்ல மாட்டோம். பிரச்சினை இப்படித்தான் இரண்டு பக்கமும் நெருக்குகிறது. 11-க்குப் போக டிபிஎம் 2.0 சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தைய செயலியோ வேண்டும். 10-க்கு மேலும் ஓராண்டு புதுப்பிப்பு வேண்டுமென்றால் 30 டாலர். இலவசமாகக் கிடைக்கவும் வழி உண்டு: மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து உங்கள் கணினி அமைப்புகளை அவர்களிடம் சேமித்து வைக்க வேண்டும். காசு இல்லாதவர் தகவலால் கட்டுகிறார்.

எங்கள் வழியைச் சொல்கிறோம். அதுதான் சரி என்று சொல்லவில்லை.

வாக்குமூலங்கள் இருக்கும் கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறோம். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் ஓடுகிறது. கணக்கு கேட்பதில்லை, விளம்பரம் இல்லை, காசு இல்லை. நிறுவும்போதே வன்தட்டைப் பூட்டலாம், சாவி நம்மிடம் மட்டும் இருக்கும். எழுதுவதற்கு லிப்ரே ஆஃபீஸ். தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. அறிக்கை வடிவமைக்கும் தோழர் பேஜ்மேக்கரை விட முடியாது என்கிறார், சில பிரிண்டர்களும் தகராறு செய்யும். அதனால் ஒரு விண்டோஸ் கணினியும் இருக்கிறது. அதில் பெயர் நீக்கிய இறுதிப் பிரதி மட்டுமே போகும்.

வாக்குமூலத்தில் பெயர் எழுதுவதில்லை, எண் எழுதுகிறோம். எந்த எண் யாருடையது என்பது ஒரு நோட்டில், காகிதத்தில், பூட்டிய அலமாரியில் இருக்கிறது. வழக்கு முடிந்தபின் எதை வைத்திருப்பது, எதை அழிப்பது என்று சம்பந்தப்பட்டவரிடமே கேட்கிறோம்.

விண்டோஸ் மட்டுமே உள்ளவர்கள் இன்றே செய்யக்கூடியவை உண்டு. அமைப்புகளில் 'பிரைவசி' பகுதிக்குப் போய் விளம்பர அடையாளத்தையும் விருப்பத் தகவல் அனுப்புவதையும் அணையுங்கள். ஒன்டிரைவில் கோப்புறை நகலெடுப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். அணைக்கும் முன் கோப்புகள் உங்கள் வன்தட்டில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். ரீகால் இருந்தால் அணையுங்கள். மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

லினக்ஸ் என்றால் பயப்படும் தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு கூடவே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் வந்தது. நம் தெருக்களில் பலருக்கு வீட்டுக்கு வந்த முதல் கணினி அதுதான். சொல்லித்தர ஆள் இல்லாததால் பெரும்பாலானோர் அதைத் திறக்கவில்லை. பக்கத்தில் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி பாடம் படிக்கிறார்கள். நம் பிள்ளைகளாலும் முடியும், ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும்.

தனித்தனியாக அணைத்துக்கொண்டிருப்பது மட்டும் போதாது. 2016-இல் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், விண்டோஸ் 10 அளவுக்கு மீறித் தகவல் சேகரிக்கிறது என்று மைக்ரோசாஃப்டுக்கு நோட்டீஸ் அனுப்பியது. நிறுவனம் மாற்றங்கள் செய்தது, 2017-இல் ஆணையம் நோட்டீஸை முடித்துக்கொண்டது. கேட்க ஆள் இருந்தால் மாற்றுகிறார்கள். இங்கே 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அரசு தன் முகமைகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளும் அதிகாரமும் அதே சட்டத்தில் இருக்கிறது. சட்டம் படிக்கும் தோழர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும். பழங்குடி, தலித் மாணவர் விடுதிகளுக்கு வாங்கும் கணினிகளில் என்ன இயங்குதளம், என்ன தகவல் எங்கே போகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒரு மனுவுக்குப் பத்து ரூபாய்தான்.

அடுத்த மாதப் பயிற்சி முகாமுக்கு லேப்டாப் கொண்டு வாருங்கள், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. லினக்ஸ் போட்ட பென்டிரைவ் நாங்கள் கொண்டு வருகிறோம். நிறுவாமலே அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் அங்கேயே உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம். வரும் முன் உங்கள் கோப்புகளை நகலெடுத்து வைத்துவிட்டு வாருங்கள்.

ஜெய்பீம்.