12 ஆண்டு யாருக்குக் காணும்?

தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றி மலையகத்தில் பேசுகிறவர்கள் 24ஆம் பிரிவில்தான் தொடங்குகிறார்கள். விண்ணப்பத்தை எப்படி எழுதுவது, தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்லாவிட்டால் யாரிடம் மேன்முறையீடு செய்வது, ஆணைக்குழுவுக்கு எப்போது போவது என்று விளக்கிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். 7ஆம் பிரிவை யாரும் திறப்பதில்லை. அது எங்களுடைய பிரிவு. கோவைக்கு இலக்கமிட்டு, சுட்டி எழுதி, பூஞ்சணம் தட்டி, ராக்கையில் ஏற்றி வைக்கிறவர்களுடையது. எங்கள் வேலையைப் பற்றி அலுவலகங்களுக்குள்ளேயே இருக்கும் அபிப்பிராயம் தெரிந்ததுதான்: வேறெங்கும் பயன்படாத ஆளைப் பதிவறைக்கு அனுப்புவார்கள், வருடாந்த இடமாற்றத்தில் அவர் போனதும் சாவியை அடுத்த ஆளிடம் கொடுப்பார்கள். அலுமாரிக்குள் என்ன இருக்கிறது என்பதை யாரும் யாருக்கும் ஒப்படைப்பதில்லை. இப்போது அதற்கும் மேலே ஒரு படி போய், எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிவிட்டால் பதிவறையே தேவையில்லை என்கிறார்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு ஏற்கெனவே இருந்த பதிவேடுகளைக் குறைந்தது 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு உருவாகும் ஒவ்வொன்றையும் உருவான நாளிலிருந்து குறைந்தது 12 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 7ஆம் பிரிவு சொல்கிறது. விரல் விட்டு எண்ணத் தெரிந்தவர்கள் பழைய கோவைகளின் கெடு 2027 பெப்ரவரி 3 என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். அன்றோடு ராக்கைகளை ஒழித்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் அதே பிரிவின் மிச்சத்தையும் வாசிப்பது நல்லது. தன் பதிவேடுகள் அனைத்தையும் பேணுவதற்கு இயன்றதெல்லாம் செய்ய வேண்டும் என்று அங்கே இருக்கிறது. விண்ணப்பமோ மேன்முறையீடோ நிலுவையில் இருக்கும்போது அது சம்பந்தப்பட்ட தாளைத் தொடக்கூடாது என்றும் இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டமும் அப்படியேதான் உயிரோடு இருக்கிறது; அரச பதிவேடு ஒன்றைக் கழிப்பது எழுதுவினைஞர் ஒருவரின் சனிக்கிழமை வேலை அல்ல. 10ம் 12ம் கீழெல்லைகள். அவற்றை மேலெல்லையாக வாசிப்பதுதான் இன்றைய வழக்கம்.

கீழெல்லை மலையகத்துக்கு ஏன் காணாது என்பதற்கு இந்த மக்களின் சட்ட வரலாறே சாட்சி. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பிரஜாவுரிமை கேட்டவர், 1946 ஜனவரி 1க்கு முந்திய காலத்தில், விவாகமானவராயின் 7 ஆண்டும் அல்லாதவராயின் 10 ஆண்டும் விட்டுப் போகாமல் இங்கே வசித்ததைக் காட்ட வேண்டியிருந்தது. காட்டுவதற்குத் தோட்டத் தொழிலாளியிடம் இருந்தது என்ன? வீட்டு உறுதியா, வரிப் பற்றுச்சீட்டா? அவர் அங்கே இருந்தார் என்பதற்கான எழுத்தெல்லாம் தோட்டத் துரையின் ஆபிஸில், செக்ரோல் எனும் வரவுப் பதிவேட்டில் கிடந்தது. 2003இல் வந்த 35ஆம் இலக்கச் சட்டம் 1964 ஒக்டோபர் 30ஐ, அதாவது சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தான நாளை, அளவுகோலாக வைத்தது: அன்றிலிருந்து நிரந்தரமாக வசிப்பவரும் அவரின் சந்ததியும் பிரஜைகள். 39 ஆண்டுக்கு முந்திய ஒரு நாளில் ஒருவர் எங்கே இருந்தார் என்ற கேள்வி அது. சேமலாப நிதியை எடுத்துக்கொண்டாலும் இதே கணக்குத்தான். 18 வயதில் பேர் பதிந்த பெண் 50இல் பணத்தை எடுக்கிறார். ஆண் 55 வரை காத்திருக்கிறார். பங்களிப்பு விடுபட்ட மாதம் முதல் வருடத்தில் இருந்தால், அதைக் காட்டும் தாளுக்கு 30 வயது தாண்டியிருக்கும். 12 ஆண்டு என்பது கொழும்பில் கேள்விப்பத்திரக் கோவை ஒன்றுக்குப் பொருத்தமாக இருக்கலாம்.

தாள் இருந்தாலும் போதாது, அகப்பட வேண்டும். இந்தத் தொழிலின் உண்மையான வில்லங்கம் இங்கேதான், அதைப் பற்றி வெளியாட்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது கஷ்டம். லெட்சுமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எழுத நாலைந்து வழி உண்டு; செக்ரோல் எழுதிய கிளாக்கர் ஒரு வழியில் எழுதினார், பிறப்பத்தாட்சிப் பத்திரம் இன்னொரு வழியில் வந்தது, அடையாள அட்டை மூன்றாவது வழியைப் பிடித்தது. பாக்கியம் என்ற பெயரின் முதலெழுத்தே ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இரண்டாகப் பிரிந்து, சுட்டியில் இரண்டு வெவ்வேறு பக்கங்களுக்குப் போய்விடும். சிங்களத்தில் எழுதப்பட்டுத் திரும்பத் தமிழுக்கு வரும்போது கந்தையா கந்தயாவாகி நிற்பார். தகப்பன் பெயர் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பது அடுத்த சிக்கல்: மகனைத் தேடப் போய்த் தகப்பனின் கோவையைத் தூக்கி வருவோம். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, லயத்தில் புழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று, டிவிஷனுக்கு வேறொன்று. ஆகவே எழுத்துக்கூட்டலை நம்பிச் சுட்டி எழுதக்கூடாது. ஓசையை வைத்து எழுத வேண்டும். தகப்பன் பெயர், தோட்டம், டிவிஷன் மூன்றையும் சேர்க்க வேண்டும். மாற்று எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றுக்கும் 'இதைப் பார்க்க' என்று தனிச் சீட்டுப் போட வேண்டும். ஒரு கோவைக்கு ஒரு சீட்டு எழுதுகிறவர் வேலையை முடித்தவராகத் தெரிவார், ஐந்து எழுதுகிறவர் தாமதப்படுத்துகிறவராகத் தெரிவார். ஐந்து எழுதாத அலுவலகத்திலிருந்துதான் "அவ்வாறான ஆவணம் எதுவும் இவ்வலுவலகத்தில் இல்லை" என்ற பதில் போகிறது. தகவலை மறுக்க 5ஆம் பிரிவு தரும் விதிவிலக்குகள் ஒன்றையும் அதற்குக் காட்ட வேண்டியதில்லை. ஆவணத்தை அழித்தவருக்கும் மறைத்தவருக்கும் சட்டத்தில் 50,000 ரூபா வரை தண்டம், 2 ஆண்டு வரை சிறை. தவறான எழுத்தில் சுட்டி எழுதி நிரந்தரமாகத் தொலைத்தவருக்கு ஒன்றுமில்லை.

ஸ்கேன்காரர்களுக்கு இதே பதில்தான். கணினி தேடுவது எழுத்துக்கூட்டலை. நாங்கள் தேடுவது ஆளை. பக்க எண் போடாத கோவையை ஸ்கேன் பண்ணினால் பக்க எண் போடாத படம் கிடைக்கும். இது கிழட்டுப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. 2021இல் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரசாங்கத்தின் சொந்த முகில் சேமிப்பகத்திலிருந்து அழிந்துபோனது நாடே அறிந்த விஷயம். 2023 ஓகஸ்டில் அரச மின்னஞ்சல் தொகுதி இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே நடுப்பகுதி தொடக்கம் இருந்த அஞ்சல்கள் மீளவில்லை. மாற்றுப் பிரதி இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் ஓர் அரசாங்கத்தின் கடிதப் போக்குவரத்து அப்படியே போயிற்று. பிரதி எடுப்பதை நான் மறுக்கவில்லை. நுவரெலியாவின் ஈரத்தில் எந்தக் கடதாசியும் தானாக நூறு வருடம் நிற்காது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலும் மண்சரிவும் எத்தனையோ வீடுகளோடு அத்தாட்சிப் பத்திரங்களையும் கொண்டுபோன பிறகு, பிரதி வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் பிரதிக்கு முதல் சுட்டி.

இடமில்லை என்ற ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. எல்லாவற்றையும் வைத்திருக்கச் சொல்கிறவர் பதிவறையைப் பார்த்திராதவர். கழிக்கத் தெரிவதும் இந்தத் தொழிலில் பாதி: எதை, எந்த அனுமதியில், எந்தத் திகதியில் கழித்தோம் என்ற நிரல் கைச்சாத்தோடு இருந்தால், 'இல்லை' என்ற பதிலுக்குக்கூட ஒரு கௌரவம் உண்டு. அந்த நிரல் இல்லாமல் அலுவலகங்களைப் பிரிப்பதுதான் ஆபத்து. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் மூன்றாகப் பிரிக்கப்பட்டு அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் சபைகள் உருவானதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் தாய்க் கோவை பழைய இடத்தில், புதுக் கடிதம் புது இடத்தில் என்றாகிவிட்டால், இரண்டு அலுவலகமும் உண்மையைச் சொல்லியே ஒருவரை வெறுங்கையோடு அனுப்பலாம்.

இனிச் செக்ரோல். அது கம்பனியின் கடதாசி, பகிரங்க அதிகாரசபையின் பதிவேடு அல்ல என்பார்கள். ஆனால் 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களுக்குப் பிறகு தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளுக்குப் போகும்வரை மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும்தான் அவற்றை நடத்தின. அந்தக் காலத்தில் எழுதப்பட்ட செக்ரோல் அரச கூட்டுத்தாபனத்தின் கிளாக்கர் அரச கடதாசியில் எழுதியது. அது எந்தக் கம்பனியின் களஞ்சிய அறையில் கிடந்தாலும் எழுதியவர் யார் என்பது மாறுவதில்லை. சட்டத்தின் 3ஆம் பிரிவு ஓர் அதிகாரசபையின் உடைமையில் உள்ளதை மட்டும் சொல்லவில்லை. அதன் கட்டுப்பாட்டில் உள்ளதையும் சொல்கிறது. 1991இல் 18 வயதில் பேர் பதிந்த பெண்ணுக்கு 2023இல் 50 ஆகிவிட்டது. அவருடைய முதல் வருடத்துச் செக்ரோல் எந்தத் தோட்டத்தில், எந்த அறையில், எந்த நிலையில் இருக்கிறது என்று அந்தச் சபையிடமும் கூட்டுத்தாபனத்திடமும் எழுத்தில் கேட்பதற்கு 24ஆம் பிரிவின்கீழ் தலா ஒரு விண்ணப்பம் போதும். 2027 பெப்ரவரிக்கு முன்பு கேட்க வேண்டும். விண்ணப்பத்தில் பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டலில் எழுதிக் கொடுப்பது நல்லது.