அழைக்கும் குரல்

கோலா தெர்லாவின் விடியற்பொழுது கண்ணுக்கு உரியதன்று, செவிக்கு உரியது. கேமரன் மலையின் வடபால், தேயிலைச் சரிவுகளை மூடுபனி மறைத்திருக்கும் வேளையில், தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தைப் பறவைக் குரல்களே அறிவிக்கின்றன. மலாய்த் தீபகற்பத்தின் உயர்ந்த மலைகளில் மலைக்கௌதாரி ஒன்று வாழ்கின்றது. புதர்க்கீழ்ச் சருகுகளில் இரைதேடும் அப்பறவையைக் கண்டவரினும் கேட்டவரே மிகுதி. மறைந்து வாழும் இத்தகைய பறவையை வெளிக்கொணர மனிதன் கண்ட வழி ஒன்றே: அதன் மொழியைக் கற்பது.

கௌதாரியின் உறவினமான வான்கோழியை அமெரிக்கக் காடுகளில் வேட்டையாடுவோர் இக்கல்வியை ஒரு கலையாகவே வளர்த்துள்ளனர். குதிரைலாட வடிவான சிறு சட்டத்தில் மெல்லிய ரப்பர்ச் சவ்வைப் பொருத்தி, மேலண்ணத்தில் ஒட்டவைத்து, நாவால் அழுத்திக் காற்றைச் செலுத்துவர்; பெட்டையின் குரல் எழும். இயற்கையில் சேவல் கூவும், பெட்டை அதனை நாடிச் செல்லும். வேடனோ பெட்டையாகக் குரல் கொடுத்துச் சேவலை வரவழைக்கிறான். முறை மாறியதால் சேவல் தயங்கும். ஓயாது அழைத்தால் ஐயுற்று அகன்றுவிடும். ஆகவே, எப்போது அழைப்பது என்பதினும் எப்போது வாய்மூடுவது என்பதை அறிந்தவனே தேர்ந்த வேடன்.

இக்கலை நம் மண்ணுக்கும் புதிதன்று. பச்சைப்புறாக்களை ஈர்க்க மலாய் வேடர்கள் ‘பூலோ டெக்குட்’ என்னும் மூங்கிற்குழலை ஊதினர். இலைகளால் வேய்ந்த மறைவிடத்துள் அமர்ந்து, மந்திரம் ஓதி அவர்கள் புறாவை அழைத்த முறையை, 1900இல் வெளிவந்த தம் நூலில் ஸ்கீட் விரித்துரைத்துள்ளார். தமிழகத்து நரிக்குறவர், கருவி ஏதுமின்றிக் கௌதாரியாகவும் நரியாகவும் குரலெழுப்ப வல்லவர்கள். ஒரு குடியின் பல தலைமுறைப் படிப்பு அது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் வேட்டையைத் தடுத்தன. காட்டுயிர்களுக்கு அது காப்பு. பாசிமணி விற்றுப் பிழைக்கத் தெருவுக்கு வந்த அம்மக்களுக்கோ அது பேரிழப்பு. உயிர்களைக் காத்த சட்டம், அவற்றின் குரலறிந்த செவிகளைக் காக்கவில்லை.

ஏமாற்றி அழைப்பது அறமாகுமா என்ற வினா எழலாம். பழந்தமிழர் அதனை எண்ணாதவரல்லர். காட்டு மான்களை ஈர்ப்பதற்கெனப் பழக்கிய மானுக்குப் ‘பார்வை’ என்று பெயரிட்டனர். புறநானூற்றின் 320ஆம் பாடலில் வேடன் உறங்குகிறான். அவனுடைய பார்வைப் பிணையோடு காட்டுக் கலைமான் ஒன்று கூடி விளையாடுகிறது. அம்மான்கள் வெருவி ஓடாதிருக்கவும் கணவன் விழிக்காதிருக்கவும் வேடன் மனைவி ஓசையின்றி அடங்கியிருக்கிறாள். இரை வாயிலுக்கே வந்தும் அவள் ஒலி செய்யவில்லை. வேட்டைக் குடியின் பெருமையை அந்த அமைதியில் வைத்தார் வீரை வெளியனார்.

இன்று பறவை காண வருவோர் சிலர், பதிவுசெய்த குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்கின்றனர். அம்பு இல்லை, குண்டு இல்லை. எனினும் துன்பம் உண்டு. தன் எல்லைக்குள் பகைவன் புகுந்தான் என்றெண்ணிப் பறவை இரையையும் கூட்டையும் விட்டு ஓடி வருகிறது. வாயால் அழைப்பவனுக்கு மூச்சுத் தளரும், உதடு உலரும். இடையே அவன் செவிசாய்த்தே ஆகவேண்டும். கருவிக்குத் தளர்ச்சியும் இல்லை, செவியும் இல்லை.

வேட்டை ஓய்ந்த பின்னும் இக்கலை ஓயவேண்டுவதில்லை. ஒரு பறவையின் குரலைப் பிழையின்றி எழுப்ப விரும்பும் சிறுவன், பல நாள் அதனைக் கேட்டாக வேண்டும். அது எங்கே வாழ்கிறது, எதை அஞ்சுகிறது என்பவற்றை அறிந்தாக வேண்டும். அவ்வாறு அறிந்தவனுக்குக் காடு வெறும் மரக்கூட்டமாகத் தோன்றாது. கோலா தெர்லாவின் பனிக்குள்ளிருந்து வரும் குரலைப் பெயர்சொல்லி அறியும் செவிகள் இருக்கும்வரை, அக்குரல் ஒருநாள் நின்றுபோனால் நின்றதென்று சொல்லவேனும் ஆள் இருப்பர்.