7.46 எந்த வகை எண்?

பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் புள்ளியியலுக்கு எப்பவும் கடைசிப் பக்கங்கள்தான். முழுப் பரீட்சை நெருங்கும்போது அவசர அவசரமாக நடத்தி முடிக்கிற பாடம். அதிலும் ‘தரவு வகைகள்’ என்ற பகுதிக்குக் கிடைப்பது பத்து நிமிஷம். நாமே களத்தில் இறங்கித் திரட்டினால் முதல்நிலைத் தரவு. வேற யாரோ திரட்டி வச்சதை எடுத்துக்கிட்டால் இரண்டாம் நிலைத் தரவு. அப்புறம் தனித்தது, தொடர்ச்சியானது. அரியர் எண்ணிக்கை தனித்தது, ஏன்னா அரை அரியர் கிடையாது. பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கிற நேரம் தொடர்ச்சியானது, அதை எவ்வளவு வேணும்னாலும் இழுக்கலாம். இரண்டு மார்க் கேள்வி, முடிஞ்சுது. அதுக்கப்புறம் ‘நிஜக் கணக்கு’ ஆரம்பம்: சராசரி, இடைநிலை அளவு, முகடு, திட்டவிலக்கம். ஃபார்முலாவைப் போடு, மார்க்கை வாங்கு.

அந்தப் பத்து நிமிஷப் பகுதிதான் மொத்தப் பாடத்திலேயே முக்கியமானது என்று எனக்கு இப்போ தோணுது. கையில் இருக்கிற எண் எந்த வகை என்று தெரியாமல் அதுக்கு சராசரி எடுக்கலாமா கூடாதா என்று சொல்லவே முடியாது. மூணாம் வருஷம் மெஷின் லேர்னிங் லேப்பில் இந்தச் சந்தேகம் வந்தது. ப்ளேஸ்மென்ட் சீசனில் அது கோபமா மாறிடுச்சு.

லேப் கதையை முதலில் சொல்றேன். டேட்டாசெட்டில் பின்கோடு ஒரு காலம். பைத்தானுக்கு அது முழு எண், அவ்வளவுதான். டிஸ்க்ரைப் கமாண்ட் கொடுத்தால் பின்கோடுக்கும் சேர்த்து சராசரி, திட்டவிலக்கம் எல்லாம் மரியாதையா போட்டுத் தரும். கிண்டி 600025, பீளமேடு 641004. ரெண்டுக்கும் சராசரி 620514.5. 620 என்றால் திருச்சிப் பக்கம்! சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில் திருச்சி வருதே என்று லேப்பே சிரிச்சது. தற்செயல்தான். அந்த அரை பின்கோடுக்கு எந்தத் தபால்காரரும் போக முடியாது.

பின்கோடு இந்தியாவுக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15ல். அதில் இருக்கிற எண்கள் பெயர்ப்பலகை மாதிரி. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகிற 29சி பஸ், 21ஜி பஸ்ஸைவிட எதிலும் எட்டு கூடுதல் இல்லை. இந்த மாதிரி எண்களைப் பெயரளவு, நாமினல் என்பாங்க. எது அதிகமா வருது என்று எண்ணலாம், அதாவது முகடு மட்டும் பார்க்கலாம். கூட்டக் கூடாது. டிபார்ட்மென்ட் காலத்துக்கு சிவில் 0, மெக் 1, ஈசிஇ 2, சிஎஸ்இ 3 என்று நம்பர் கொடுத்து அப்படியே ரிக்ரெஷனில் போட்டால், சிஎஸ்இ என்பது மெக்கைப்போல மூணு மடங்கு என்று மாடல் நம்பிடும். சிவில்காரங்க பூஜ்யம் என்றும் நம்பும். ஒன்-ஹாட் என்கோடிங் எதுக்கு என்று வைவாவில் கேட்டால் இதுதான் பதில்: எண் வேஷம் போட்ட பெயருக்கு வேஷத்தைக் கலைக்கிறது.

இந்த வகைப் பிரிப்பை நாலாக வகுத்துக் கொடுத்தவர் ஹார்வர்டில் இருந்த உளவியலாளர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ். 1946ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஒரு சின்னக் கட்டுரை. பெயரளவு, வரிசை, இடைவெளி, விகிதம். நாமினல், ஆர்டினல், இன்டர்வல், ரேஷியோ. இதுக்குப் பின்னாடி ஒரு சண்டை இருக்கு. மனுஷனோட உணர்வை அளக்க முடியுமா என்று பார்க்க 1932ல் பிரிட்டனில் ஒரு கமிட்டி போட்டாங்க. இயற்பியல்காரங்க ஒரு பக்கம், உளவியல்காரங்க இன்னொரு பக்கம். 1940ல் இறுதி அறிக்கை வந்தபோதும் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. ஒலி நமக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்குது என்பதற்கு ஸ்டீவன்ஸ் உருவாக்கின அளவையும் அந்தச் சண்டையில் மாட்டிக்கிச்சு. ‘அளக்க முடியுமா’ என்று மொட்டையாகக் கேட்பதை விட்டுட்டு, ‘எந்த வகையில் அளந்திருக்கோம், அதை வச்சு என்ன செய்யலாம்’ என்று அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்.

கடைசி ரெண்டு வகையைச் சீக்கிரம் தாண்டிடலாம். செல்சியஸ் வெப்பநிலை இடைவெளி வகை. மே மாசம் சென்னையில் 40, கொடைக்கானலில் 20 என்றால் வித்தியாசம் 20 டிகிரி என்று சொல்லலாம். ரெண்டு மடங்கு சூடு என்று சொல்ல முடியாது, ஏன்னா அங்கே பூஜ்யம் நாம வச்ச இடம். ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742ல் முதலில் வச்சபோது தண்ணி கொதிக்கிற இடம்தான் 0, உறையுற இடம் 100. பிறகுதான் தலைகீழா மாத்தினாங்க. அதே 40ஐயும் 20ஐயும் கெல்வினில் எழுதினால் 313, 293. ஏழு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. நீளம், எடை, சம்பளம் எல்லாம் விகித வகை. பூஜ்யம் என்றால் அங்கே நிஜமாவே ஒண்ணும் இல்லை.

எனக்குச் சண்டை இருப்பது ரெண்டாவது வகையோடதான், வரிசையோட. எது மேலே எது கீழே என்று தெரியும், எவ்வளவு மேலே என்று தெரியாது. சிவில் படிக்கிறவங்க ஜியாலஜி பேப்பரில் மோஸ் கடினத்தன்மை அளவைப் படிச்சிருப்பீங்க. 1812ல் ஃப்ரெட்ரிக் மோஸ் போட்டது. எந்தக் கல் எந்தக் கல்லைக் கீறும் என்பது மட்டும்தான் சோதனை. டால்க் 1, வைரம் 10, வைரத்துக்கு ஒரு படி கீழே கொரண்டம் 9. ஒரு படிதானே என்று நினைச்சால், நேரடியா அளந்து பார்க்கிறபோது வைரம் கொரண்டத்தைவிட ஏறத்தாழ நாலு மடங்கு கடினம். மற்ற படிகள் இவ்வளவு பெரிசு இல்லை. 9க்கும் 10க்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது அந்த எண்களிலேயே கிடையாது.

இப்போ நம்ம கிரேடு ஷீட்டை எடுங்க. ஓ 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6. யூஜிசி வழிகாட்டுதலில் இந்த எழுத்துகளுக்குக் கொடுத்த அர்த்தம் தலைசிறந்தது, மிக நன்று, நன்று என்கிற மாதிரி. சுத்தமான வரிசை. அதே பட்டியலில் கீழே போனால் வெறும் பாஸ் 4, ஃபெயில் 0. நடுவில் 3, 2, 1 எங்கே? இல்லை. யாரோ உட்கார்ந்து 4 என்றும் 0 என்றும் முடிவு பண்ணியிருக்காங்க. கல்லைக் கீறிப் பார்த்து வந்த தூரம்கூட இல்லை இது. ஆனா செமஸ்டர் முடிஞ்சதும் இதைக் கிரெடிட்டால் பெருக்கி, கூட்டி, வகுத்து, ரெண்டு தசம இடத்துக்கு சிஜிபிஏ என்று கையில் கொடுத்துடறாங்க.

இதில் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. முத்து, மணி என்று ரெண்டு பேர். அஞ்சு பேப்பர், எல்லாத்துக்கும் ஒரே கிரெடிட். 61 முதல் 70 வரை பி பிளஸ், 71 முதல் 80 வரை ஏ, 81 முதல் 90 வரை ஏ பிளஸ் என்று வச்சுக்குவோம். முத்து அஞ்சிலும் 71. மணி நாலு பேப்பரில் 70, ஒண்ணில் 90. மொத்த மார்க் முத்துவுக்கு 355, மணிக்கு 370. ஜிபிஏ? முத்துவுக்கு 8.0, மணிக்கு 7.4. பதினஞ்சு மார்க் அதிகம் எடுத்தவன் 0.6 கீழே. கம்பெனி கட்-ஆஃப் 7.5 என்றால் முத்து உள்ளே, மணி வெளியே. ரிலேட்டிவ் கிரேடிங் இருக்கிற காலேஜில் எல்லைகள் மாறும், கதை மாறாது.

எங்க அறையில் மணி நிஜமாவே இருந்தான். பெயர் வேற, சிஜிபிஏ 7.46. அவனுக்குப் பிடிச்ச வேலைக்கு ஒரு கம்பெனி கேம்பஸுக்கு வந்தது. கட்-ஆஃப் 7.5. எலிஜிபிள் லிஸ்டில் அவன் பேர் இல்லை. ப்ளேஸ்மென்ட் ஆபீஸுக்குப் போனோம்.

“சார், 0.04 தான் சார் கம்மி.”

“ரூல்னா ரூல்தான்பா. இன்னைக்கு 7.46ஐ விட்டா, நாளைக்கு 7.42 வந்து நிப்பான்.”

அவர் சொன்னதில் தப்பு இல்லை, கோடு என்று ஒண்ணு போட்டால் எங்கேயோ போட்டுத்தான் ஆகணும். நான் அறைக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு செமஸ்டரில் சுமார் 120 கிரெடிட். 0.04 என்றால் அஞ்சு பாயிண்டுக்குக் கொஞ்சம் கம்மி. மூணு கிரெடிட் பேப்பர் ரெண்டில் ஒவ்வொரு கிரேடு ஏறியிருந்தால் தாண்டியிருப்பான். அந்த ரெண்டில் அவன் எடுத்தது 70ஆ, 62ஆ? தெரியாது. எங்க கிரேடு ஷீட்டில் மார்க் வராது. எழுத்தா மாத்தினபோதே அந்தத் தகவல் போயிடுச்சு, பிறகு எத்தனை தசம இடம் போட்டாலும் திரும்ப வராது.

கிரேடு முறையே வேண்டாம் என்று நான் சொல்லலை. ஒரே பேப்பரை ரெண்டு பேர் திருத்தினால் மூணு நாலு மார்க் முன்ன பின்ன வரும். அதனால் 72க்கும் 74க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சேர்த்து ஒரே கூடையில் போடுவது நியாயம்தான். மார்க் மட்டும் என்ன, ரொம்பச் சுத்தமா? பூஜ்யம் எடுத்தவனுக்கு ஒண்ணுமே தெரியாது என்றோ, 80 எடுத்தவனுக்கு 40 எடுத்தவனைவிட ரெண்டு மடங்கு தெரியும் என்றோ யாரும் சொல்ல மாட்டாங்க. மார்க்கும் விகித வகை இல்லை. ஆனா முதலில் ‘இவ்வளவு நுணுக்கமா அளக்க முடியாது’ என்று சொல்லிக் கூடையில் போட்டுட்டு, அப்புறம் கூடைகளுக்கு சராசரி எடுத்து நூறில் ஒரு பங்கு வரைக்கும் நுணுக்கம் காட்டுறதுதான் எனக்கு இடிக்குது.

இதே வேலை ஹாஸ்டலிலும் நடக்குது. மெஸ் ஃபீட்பேக் ஃபார்மில் 1 முதல் 5 வரை. இந்த மாதிரி அஞ்சு படிக் கேள்விக்கு ரென்சிஸ் லைக்கர்ட் பெயர்தான், 1932லிருந்து வருது. எங்க மெஸ்ஸுக்கு சராசரி 3.1 வந்தது, ‘திருப்திகரம்’ என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினாங்க. ஃபார்மைத் தனித்தனியா பார்த்தால் நடுவில் ஆளே இல்லை. நான்வெஜ் பக்கம் 5, 4 என்று அள்ளி விட்டிருக்காங்க. வெஜ் பக்கம் 1, 1, 2. ‘திருப்திகரம்’ என்று சொன்ன மாணவன் அந்த ஹாஸ்டலில் கிட்டத்தட்ட யாரும் இல்லை. எத்தனை பேர் எந்த எண் என்று எட்டாம் வகுப்புப் பையன் வரைகிற ஒரு பட்டை வரைபடம் போதும், வெஜ் கவுன்டரில் ஏதோ பிரச்சினை என்று தெரிஞ்சிருக்கும்.

இதுக்கு எதிர்க்கட்சியும் உண்டு, அதுவும் ருசியான கட்சி. 1953ல் ஃப்ரெடெரிக் லார்ட் என்பவர் கால்பந்து ஜெர்சி எண்களை வச்சு ஒரு கதை எழுதினார். பேராசிரியர் ஒருத்தர் மெஷினில் ஜெர்சி எண்களை விற்கிறார். எங்களுக்கு வேணும்னே சின்னச் சின்ன எண்ணாகக் கொடுத்துட்டீங்க என்று ஜூனியர் டீம் சண்டைக்கு வருது. புள்ளியியலாளரைக் கூப்பிட்டால், அவர் கூச்சமே இல்லாமல் ஜெர்சி எண்களுக்கு சராசரி எடுத்து, இது தற்செயலா நடந்திருக்க வாய்ப்பு இல்லை என்று சொல்லிடறார். எண்களுக்குத் தாங்க எங்கிருந்து வந்தோம் என்று ஞாபகம் இருக்காது என்பது அவர் வாதம். பெயரளவு எண்ணுக்கு சராசரி கூடாது என்று கண்ணை மூடிக்கிட்டுச் சட்டம் பேசுறவங்களை அது நல்லா மடக்குது. மெஷின் ஓரவஞ்சனை பண்ணுச்சா என்ற கேள்விக்கு அந்த சராசரி சரியான பதில்தான். ஆனா 7.46ஐயும் 7.50ஐயும் வச்சு ‘இவங்களில் யாருக்கு அதிகம் தெரியும்’ என்பது வேற கேள்வி. எண்ணுக்கு ஞாபகம் இல்லை, சரி. கேட்கிற ஆளுக்காவது இருக்கணும் இல்லையா?

இன்னொரு வேடிக்கை. சில கம்பெனி ஃபார்மில் சதவீதம்தான் கேட்பாங்க. சிஜிபிஏவைப் பத்தால் பெருக்கிப் போடு என்பதுதான் பல இடத்தில் வழக்கம். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் சிஜிபிஏ இருந்த காலத்தில் அவங்க 9.5ஆல் பெருக்கச் சொன்னாங்க. நம்ம கற்பனை ஆட்களுக்குப் பத்தால் பெருக்கினால் முத்துவுக்கு 80 சதவீதம், மணிக்கு 74. நிஜத்தில் முத்து எடுத்தது 71. மணி எடுத்தது அதே 74தான்.

போன வாரம் என் ரூம்மேட் வேற ஒரு கம்பெனிக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டான். அங்கே கட்-ஆஃப் 6.5, அப்புறம் அவங்களே ஒரு டெஸ்ட் வைக்கிறாங்க. சிஜிபிஏ கட்டத்தில் ‘7.5’ என்று தட்டிட்டு என்னைப் பார்த்தான்.

“ரவுண்ட் பண்ணா இதுதானடா வரும்?”

நான் பதில் சொல்றதுக்குள்ள திரையில் சிவப்பு எழுத்தில் வந்துடுச்சு: இரண்டு தசம இடங்கள் கட்டாயம்.