பூண்டி ஏரியின் இன்னொரு பெயர்

சேத்தூர்க்காரர்களுக்கு அணை என்றால் சாஸ்தா கோவில் அணைதான். தேவதானத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. கட்டியது அரசாங்கம், பெயர் சாஸ்தாவுடையது. எந்த மந்திரி திறந்தார், எந்த இன்ஜினியர் நின்று கட்டினார் என்று கேட்டுப் பாருங்கள், கேட்டவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எங்கள் ஊரைப் பழைய புத்தகங்களில் சேற்றூர் என்று அச்சடித்திருப்பார்கள். பெயரிலேயே சேறு இருக்கிற ஊருக்குத் தண்ணீர் வந்தால் போதும், கொண்டுவந்தது யார் என்பதெல்லாம் அப்புறம்.

சென்னைக்காரர்களும் இதில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் அங்கே பேப்பரில் தினமும் பூண்டி ஏரியின் மட்டம் வரும். முழு உயரம் 35 அடி, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. டீக்கடையில்கூட இந்தக் கணக்கு ஓடும். ஆனால் அதன் சரியான பெயர் சத்தியமூர்த்தி சாகர் என்று சொன்னால், அது ஆந்திராவில் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

அந்தச் சத்தியமூர்த்தியை நம் விருதுநகர் மாவட்டத்தில் தெரியும், காமராஜரின் குரு என்று. 1936-ல் தமிழ்நாடு காங்கிரசுக்கு குரு தலைவர், சிஷ்யர் செயலாளர். 1940-ல் விருதுநகர் சிஷ்யர் தலைவரானார், குரு அவருக்குக் கீழே செயலாளராக உட்கார்ந்தார். இந்தக் காலத்தில் யோசித்துப் பார்க்கவே முடியாத இடமாற்றம். 1947 ஆகஸ்ட் 15 அன்று காமராஜர் கொடியேற்றப் போனது குருவின் வீட்டுக்கு. குரு போய்ச் சேர்ந்து அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது.

1887-ல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, பிறகு சட்டக் கல்லூரி. கறுப்பு கோட்டு மாட்டினாரே தவிர, அவருடைய வாதத்திறமை எல்லாம் கோர்ட்டைவிடச் சட்டசபைக்குத்தான் செலவானது. 1923-ல் சுயராஜ்யக் கட்சிக்காரராக மாகாணச் சட்டசபைக்குள் போனார். 1934 தேர்தலில் சர் ஏ. ராமசாமி முதலியாரையே தோற்கடித்து டெல்லி மத்திய சட்டசபைக்குப் போனார். நடுவில் 1930-ல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் உச்சியில் தேசியக் கொடியேற்றப் போய்க் கைதானார். நாடகப் பித்து வேறு. சுகுண விலாச சபையில் வேஷம் கட்டியவர். கூத்தாடிகள் என்று மற்ற தலைவர்கள் ஒதுக்கியபோது நடிகர்களைக் காங்கிரஸ் மேடைக்குக் கூட்டிவந்தவர். கே. பி. சுந்தராம்பாளின் பாட்டு கட்சிக்குக் கூட்டம் சேர்த்ததில் இவர் பங்கு பெரிது. தேவதாசி ஒழிப்பு விஷயத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு எதிராக நின்றவரும் இவரேதான். அதை மறைத்து எழுதினால் அவருக்கே பிடிக்காது. எதையும் நேருக்கு நேர் நின்று பேசிய மனுஷர்.

1939-ல் சென்னை மேயரானார். சமயத்தைக் கவனியுங்கள். அந்த அக்டோபரில்தான் யுத்தப் பிரச்சினையில் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்து, மாகாணம் கவர்னர் கைக்குப் போயிருந்தது. ஒரு வைஸ்ராயின் பெயரைத் தாங்கிய ரிப்பன் மாளிகையில், கொடிக்காகக் கைதான ஆள் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐரோப்பாவில் செக் நாட்டுத் தலைநகர் பிராகிலும் கரேல் பாக்ஸா என்ற தேசியவாதி வக்கீல் மேயராக இருந்திருக்கிறார், 1919 முதல் 1937 வரை. ஆனால் அவருக்கு நாடு விடுதலையான பிறகு கிடைத்த பதவி அது. பதினெட்டு வருஷம் ஆற அமர இருந்தார். நம்மவருக்கு வாய்த்தது ஒரு வருஷம். எந்தத் திட்டத்துக்கும் சம்மதம் வாங்கவேண்டியதோ, தன்னை எப்போது வேண்டுமானாலும் ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய கவர்னரிடம்.

சென்னை அப்போது சோழவரத்தையும் செங்குன்றத்தையும் நம்பிக் குடித்துக்கொண்டிருந்த ஊர். மழை ஒரு வருஷம் ஏமாற்றினால் குழாய் காற்றைத்தான் ஊதும். நகரத்துக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மேற்கே, கொசஸ்தலை ஆற்றில் வீணாய்ப்போகும் வெள்ளத்தைப் பூண்டியில் மறிக்கும் திட்டத்தை மேயர் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். உலக யுத்தம் நடக்கிறது, பணத்துக்கு எங்கே போவது என்று சொல்லித் தட்டிக்கழிக்க எல்லா வசதியும் அரசுக்கு இருந்தது. ஆனால் 1940 ஆகஸ்ட் 8 அன்று கவர்னர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார். செலவு 65 லட்ச ரூபாய். மேயர் பதவியில் மாலையும் மரியாதையும்தான் உண்டு, வேலை கிடையாது என்பவர்கள் இந்தத் தேதியை ஒருமுறை பார்க்கட்டும்.

நான் போன அன்று ஏரி பாதிதான் நிறைந்திருந்தது. கரைமேல் நின்றால் ஒரு பக்கம் பதினாறு மதகுகளும் வரிசையாக இறங்கி நிற்கின்றன, மறுபக்கம் எதிர்க்கரை தெரியாத தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு பாடல் பெற்ற தலம் போயிருக்கிறது. திருவெண்பாக்கம். சங்கிலி நாச்சியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறிக் கண்ணிழந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்த இடம். கண்ணைக் கேட்டால் கோலைக் கொடுக்கிறாயே என்று கோபத்தில் அவர் வீசிய கோல் பட்டு நந்தியின் கொம்பு உடைந்ததாம். நீர்த்தேக்கத்துக்காக அந்த இடம் எடுக்கப்பட்டபோது சுவாமியைப் பூண்டிக்குக் கொண்டுவந்து, புதுக் கோயில் எழுப்பி, 1968-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள். ஊன்றீஸ்வரர் கோயில் என்று பெயர். உள்ளே சுந்தரர் கையில் கோலோடு நிற்கிறார். நந்திக்கு ஒரு கொம்பு உடைந்தே இருக்கிறது. ஒரு நகரத்தின் தாகத்துக்குச் சுவாமியே இடம் பெயர்ந்திருக்கிறார் என்றால், நிலமும் வீடும் போனவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது. ஏரியைப் புகழ்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அணை முடிந்து 1944 ஜூனில் திறந்தார்கள். திறந்து வைத்ததும் அதே ஆர்தர் ஹோப்தான். அதைக் கேட்டு வாங்கியவர் பார்க்கவில்லை. 1942-ல் பம்பாய் காங்கிரஸ் கமிட்டிக் கூட்டத்திலிருந்து திரும்பும்போதே கைதாகி, மத்திய மாகாணத்து ஜெயிலுக்குக் கொண்டுபோகப்பட்டார். போன வழியில் முதுகெலும்பில் பட்ட அடி தீரவே இல்லை. 1943 மார்ச் 28 அன்று சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது 55.

அணைக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஊர் அதைப் பூண்டி ஏரி என்றுதான் கூப்பிடுகிறது. எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை, ஆனால் இன்னார் போராடி வந்த தண்ணீர் இது என்று பிள்ளைகளிடம் ஒருமுறையாவது சொல்லிவிடுங்கள்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திருவள்ளூரிலிருந்து பூண்டிக்குப் பஸ் இருக்கிறது. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய் முதலில் ஊன்றீஸ்வரரைப் பாருங்கள். ஏரிக்கரைக்கு அப்புறம் போகலாம்.