ஆம்ஸ்டர்டாம் போனால் இதையும் பாருங்கள்!

ஒரு காலத்தில் ஐரோப்பாவுக்குப் போய் வந்தவர் என்றால் அது தோட்டத்து துரை ஒருவராகத்தான் இருக்கும். இன்று அப்படியில்லை. படித்து வேலைக்குப் போன பிள்ளைகள், ஓய்வு பெற்ற தாய் தந்தையரைக் குழுச் சுற்றுலாவில் சேர்த்து வெளிநாடு அனுப்பி வைக்கிறார்கள். பத்து நாளில் ஐந்தாறு நாடுகள் என்று ஓடும் அந்தப் பயணத்தில், ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். அந்த ஒரு நாளில் எதை எதைப் பார்க்கலாம் என்று சொல்லவே இந்தக் கட்டுரை. அடியேனும் அப்படி ஒரு குழுவோடு போய் வந்தவன்தான்.

போக வசதியில்லாதவர்களும் தயவுசெய்து படியுங்கள். அந்த நகரத்துக்கும் உங்கள் லயத்துக்குப் பின்னால் நிற்கும் செம்பனை மரத்துக்கும் ஒரு சொந்தம் உண்டு. அது என்ன சொந்தம் என்பதை இறுதியில் சொல்கிறேன்.

கடலுக்குக் கீழே ஒரு நாடு

விமானம் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் இறங்கியதும், நீங்கள் கால் வைக்கும் தரை கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. பயப்படாதீர்கள்! முன்பு அந்த இடம் ஒரு பெரிய ஏரி. நீராவி இயந்திரங்களால் தண்ணீரை இறைத்து, 1852-இல் அதை நிலமாக்கி விட்டார்கள்.

கேரித் தீவு, பாகான் டத்தோ போன்ற கடலோரப் பகுதிகளில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே கடல் ஓரத்தில் மண்கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, ஓதம் ஏறும்போது தண்ணீர்க் கதவை அடைத்து, இறங்கும்போது திறந்து விடுகிறார்கள் அல்லவா? அதே வேலையை ஒரு நாடே பல நூறு ஆண்டுகளாகச் செய்து வருகிறது. அதுதான் ஹாலந்து.

ஆம்ஸ்டல் என்ற ஆற்றின் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். ஆங்கிலத்தைப் போலவே அவர்கள் மொழியிலும் அணைக்கு ‘டாம்’ என்றுதான் பெயர். அணையைச் சுற்றி எழுந்த ஊரே ஆம்ஸ்டர்டாம். அதன் பெயர் முதன்முதலாக 1275-ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்றில் காணப்படுகிறது. 2025-இல் நகரத்தின் 750-ஆவது ஆண்டைக் கொண்டாடினார்கள்.

நகரத்துக்குள் நுழையும்போதே ஒரு செய்தி காத்திருக்கும். 2024 முதல் பெரிய சுற்றுலாப் பேருந்துகள் நகர மையத்துக்குள் வரக்கூடாது. வழிகாட்டியோடு நடக்கும் குழுவிலும் 15 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2020-இல் சட்டம் போட்டு விட்டார்கள். முப்பது பேராகப் போன எங்களையும் இரண்டாகப் பிரித்தார்கள். கணவன் ஒரு குழு, மனைவி ஒரு குழு என்று ஆகிவிடாமல் முதலிலேயே சேர்ந்து நின்று கொள்ளுங்கள்! வருகிற கூட்டம் தாங்காமல் அந்த ஊர் மக்கள் தவிக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில்தான் நாம் நடக்கிறோம்.

படகில் ஒரு மணி நேரம்

ஆம்ஸ்டர்டாமை நடந்து பார்ப்பதைவிடப் படகில் ஏறிப் பார்ப்பதே முதலில் நல்லது. கண்ணாடிக் கூரை போட்ட படகு. உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்க்கலாம்; முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சிரமமில்லை.

நகரத்தில் சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய்கள் ஓடுகின்றன. அவற்றில் புகழ் பெற்ற மூன்று: ஹேரன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட். பெயர் வாயில் நுழையவில்லை என்றால் பரவாயில்லை. கனவான்கள் கால்வாய், பேரரசர் கால்வாய், இளவரசர் கால்வாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். 1613-இல் வெட்டத் தொடங்கிய இவை, பழைய ஊரை அரைவட்டமாகச் சுற்றி வருகின்றன. இந்தக் கால்வாய் வட்டாரத்தை 2010-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்தக் கால்வாய்களை அழகுக்காக வெட்டவில்லை. சரக்குப் படகு வணிகரின் வீட்டு வாசலுக்கே வரவேண்டும் என்பதற்காக வெட்டினார்கள். இரு கரைகளிலும் ஒடுங்கி உயர்ந்த வீடுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஓர் உத்தரம் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். அதன் நுனியில் ஒரு கொக்கி. அதில் கப்பியும் கயிறும் மாட்டி, மூட்டைகளை மேல்மாடிக் கிடங்குக்கு இழுத்து ஏற்றுவார்கள். மூட்டை சுவரில் இடிக்காமல் இருக்க, பல வீடுகளின் முன்சுவரை வேண்டுமென்றே சற்று முன்னால் சாய்த்துக் கட்டினார்கள். உள்ளே படிக்கட்டு அவ்வளவு குறுகல்! அதனால் இன்றும் வீடு மாறும்போது கட்டிலையும் அலமாரியையும் ஜன்னல் வழியாகத்தான் ஏற்றுகிறார்கள்.

கால்வாயின் ஆழம் மூன்று மீட்டர் என்று சொல்லிவிட்டு வழிகாட்டி சிரிப்பார். “ஒரு மீட்டர் சேறு, ஒரு மீட்டர் சைக்கிள், ஒரு மீட்டர் தண்ணீர்!” என்பது அந்த ஊர் வேடிக்கைப் பேச்சு. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பழைய சைக்கிள்களைக் கால்வாயிலிருந்து தூக்கி எடுக்கிறார்கள் என்பதோ வேடிக்கை அல்ல, உண்மை!

கண்ணுக்குத் தெரியாத காடு

படகை விட்டு இறங்கியதும் டாம் சதுக்கத்துக்கு அழைத்துப் போவார்கள். அங்கே நிற்கும் அரண்மனை முதலில் நகர மண்டபமாகக் கட்டப்பட்டது. 1648-இல் வேலையைத் தொடங்கி 1655-இல் திறந்தார்கள். இந்த மலை போன்ற கட்டடம் 13,659 மரத்தூண்களின் மேல் நிற்கிறது என்றால் நம்புவீர்களா?

ஆம்ஸ்டர்டாமின் மண் வெறும் சதுப்பு. கல்லை வைத்தால் உள்ளே போய்விடும். ஆகவே நீண்ட மரங்களைச் சேற்றுக்குள் அடித்து, சுமார் 12 மீட்டர் ஆழத்தில் உள்ள மணல் படுகையைத் தொடச் செய்து, அதன்மேல் வீடு கட்டினார்கள். இன்று நம் ஊரில் மாடிக் கட்டடத்துக்குப் ‘பைலிங்’ அடிக்கிறார்களே, அதே வேலைதான். ஆனால் அன்று இயந்திரம் ஏது? ஆட்கள் கூட்டமாக நின்று கயிற்றை இழுத்து, கனமான கட்டையை மேலே தூக்கித் தூணின் தலையில் விட்டு விட்டு அடித்தார்கள். எல்லார் கையும் ஒன்றாக இழுக்க வேண்டுமென்று பாட்டுப் பாடிக் கொண்டே அடித்தார்கள். வேலைப் பாட்டு என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தண்ணீருக்குள் முழுகியிருக்கும் வரை அந்த மரம் நூற்றாண்டுக் கணக்கில் கெடாது. தண்ணீர் மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் உளுத்துப் போகும். அதனால் கால்வாயின் நீர்மட்டத்தை மதகுகள் மூலம் ஒரே அளவில் காத்து வருகிறார்கள். அப்படியும் 2020-இல் கிரிம்பர்க்வால் என்ற இடத்தில் கால்வாய்க் கரைச்சுவர் ஒன்று சரிந்து விழுந்தது. பழைய கரைகளைப் பழுது பார்க்கும் வேலை இன்னும் நடந்து கொண்டிருக்கிறது.

யார் கொண்டு வந்து கொட்டிய செல்வம்?

அரண்மனையின் முன்பக்கத்தில் எல்லாரும் படம் எடுத்துக் கொள்வார்கள். நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். அப்படியே சுற்றிப் பின்பக்கம் போங்கள். கூரைக்குக் கீழே முக்கோணத்தில் ஒரு சிற்பம் இருக்கிறது. நடுவில் ஆம்ஸ்டர்டாம் நகரம் ஒரு பெண்ணாக அமர்ந்திருக்கிறாள். உலகத்தின் கண்டங்கள் தங்கள் பொருள்களைக் கொண்டு வந்து அவள் காலடியில் வைக்கின்றன. நகரத்தின் வரலாறே அந்தக் கல்லில் இருக்கிறது. ஆனால், அந்தக் கண்டங்கள் தாமாக விரும்பிக் கொண்டு வந்து கொடுத்தனவா என்பதைக் கல் சொல்லாது.

சற்று நடந்தால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய தலைமை அலுவலகம் வரும். இப்போது அது பல்கலைக்கழகக் கட்டடம். 1602-இல் தோன்றிய அந்தக் கம்பெனியை நமக்குத் தெரியாதா என்ன? மலாக்காவில் சிவப்புக் கட்டடத்தின் முன் நின்று படம் எடுத்துக் கொள்ளாத குடும்பம் உண்டா! 1641-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்து, அந்தக் கட்டடத்தை எழுப்பியவர்கள் இவர்களே. தமிழகத்தின் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்தவர்களும் இவர்களே. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சத்தில் அடிபட்ட சோழமண்டலக் கரை மக்களை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் கொண்டு போனதும் இதே கம்பெனிதான். 1621-இல் சாதிக்காய்க்காகப் பண்டா தீவு மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் விரட்டியும் விட்டு, அடிமைகளை வைத்து அங்கே தோட்டம் போட்டார்கள்.

மேற்கே தென் அமெரிக்காவில் சுரினாம் என்றொரு நாடு. 1683 முதல் அந்தக் குடியேற்றத்தை நடத்திய சங்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்கே சொந்தம். ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டிய கரும்பின் சர்க்கரை இந்தக் கால்வாய்களுக்கு வந்தது. 1863-இல் அடிமை முறையை ஒழித்தார்கள். ஆனாலும் விடுதலை பெற்றவர்கள் இன்னும் பத்து ஆண்டுகள் தோட்டத்திலேயே வேலை செய்ய வேண்டும் என்றார்கள். அந்தப் பத்தாண்டு முடிந்த 1873-இல் யார் போய் இறங்கினார்கள் தெரியுமா? கல்கத்தாவில் கப்பலேறிய இந்திய ஒப்பந்தக் கூலிகள்! ஐந்தாண்டு ஒப்பந்தம். 1916 வரை சுமார் 34,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் வட இந்தியர்கள். மலாயாவுக்கு நம் பாட்டன்மார் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்துக் கப்பலேறிய கதையும் இதுவும் ஒரே அச்சு.

1975-இல் சுரினாம் சுதந்திரம் பெற்ற காலத்தில் அந்த மக்களில் பலர் ஹாலந்துக்கே வந்து குடியேறினார்கள். ஆகையால் ஆம்ஸ்டர்டாமில் சோற்றுக்கு ஏங்க வேண்டாம். சுரினாம் உணவுக் கடையில் ரொட்டி, கோழிக்கறி, உருளைக்கிழங்கு, பயற்றங்காய் எல்லாம் ஒரே தட்டில் வரும். கடல் தாண்டிப் போன கூலிக்காரர் வீட்டுச் சமையல் அது. கையால் சாப்பிடலாம், யாரும் முறைக்க மாட்டார்கள்!

இவற்றை அந்த நகரம் இப்போது மூடி மறைப்பதில்லை. ஊஸ்டர்பார்க் என்ற பூங்காவில் அடிமைகளின் நினைவுச் சின்னம் 2002-இல் நிறுவப்பட்டது. 2021-இல் நகர மேயர் மன்னிப்புக் கேட்டார். 2023-இல் மன்னர் வில்லம் அலெக்சாந்தர் அதே பூங்காவில் நின்று மன்னிப்புக் கேட்டார்.

நம் வீட்டு மரத்தின் பாட்டி வீடு

இனிமேல்தான் நான் சொல்வதாகச் சொன்ன விஷயம். நகரத்தின் கிழக்கே ‘ஹோர்ட்டஸ்’ என்ற தாவரத் தோட்டம் இருக்கிறது. வைத்தியர்களுக்கு மூலிகை வளர்க்க 1638-இல் தொடங்கப்பட்டது. 1682-இல் இப்போதைய இடத்துக்கு மாறியது. கம்பெனிக் கப்பல்கள் கொண்டு வந்த செடிகளெல்லாம் இங்கே வளர்ந்தன. 1706-இல் ஜாவாவிலிருந்து ஒரு காப்பிச் செடி வந்தது. அதன் வாரிசுகளே தென் அமெரிக்கா வரை பரவின.

அடுத்து, 1848-ஆம் ஆண்டு. மேற்கு ஆப்பிரிக்காவுக்குரிய செம்பனையின் நான்கு கன்றுகளை ஜாவாவில் உள்ள போகோர் தாவரத் தோட்டத்தில் நட்டார்கள். அந்த நான்கில் இரண்டு, இந்த ஆம்ஸ்டர்டாம் தோட்டத்திலிருந்து போனவை! அவற்றின் விதைகள் சுமத்திராவின் டெலிப் பகுதிக்குப் போயின. அங்கிருந்து சிலாங்கூருக்கு வந்தன. 1917-இல் காப்பி சரிப்படாமற்போன நிலத்தில் மலாயாவின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் உருவானது. அதன் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம் எஸ்டேட்! இன்று மலேசியா எங்கும் நிற்கும் செம்பனைகளின் தாய்வழி, அந்த டெலி மரங்களின் வழிதான்.

அப்பா தோளில் கம்பு சுமந்து குலை அறுத்தது, அம்மா குனிந்து உதிரிப்பழம் பொறுக்கியது, அந்தச் சம்பளத்தில் நாம் பள்ளிக்கூடம் போனது எல்லாம் இந்தக் கண்ணாடி வீடுகளோடு தொடர்புடையவை. ஆகவே அந்த மாளிகைகளைப் பார்த்து வாய் பிளந்து நிற்கவும் வேண்டாம், கூச்சப்படவும் வேண்டாம். கட்டடம் மரத்தூணின் மேல் நிற்பது போல, அந்த ஊர்ச் செல்வம் உழைத்தவர்களின் தோளின் மேல் நின்றது. அந்தத் தோள்களில் நம் தோளைப் போன்றவையும் உண்டு.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

செந்நிறம் பூசிய பாதை சைக்கிளுக்கு உரியது. அதில் நின்று படம் எடுக்காதீர்கள், மணியடித்துக் கொண்டே வந்து மோதுவார்கள். கோடையிலும் குளிர்காற்று உண்டு. கம்பளிச் சட்டை ஒன்று கையில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். கூட்டத்தில் கைப்பையை முன்னால் மாட்டிக் கொள்ளுங்கள். நாஜிகளுக்குப் பயந்து 1942 முதல் 1944 வரை யூதச் சிறுமி ஆன் பிராங்க் குடும்பத்தோடு ஒளிந்திருந்த வீடு பிரின்சன்கிராக்ட் கரையில் இருக்கிறது. அதற்கு நுழைவுச் சீட்டு வாசலில் கிடைக்காது. பல வாரங்களுக்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லி இணையத்தில் வாங்கி விடுங்கள்.

சுற்றுலாக்காரர்கள் தரும் அட்டவணையில் காற்றாலை இருக்கும், வைரக் கடை இருக்கும். அரண்மனையின் பின்பக்கமும் தாவரத் தோட்டமும் பெரும்பாலும் இருக்கா. பணம் கட்டும்போதே இவ்விரண்டையும் கேட்டுச் சேர்த்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால், ‘இரண்டு மணி நேரம் உங்கள் விருப்பம்’ என்று வழிகாட்டி விடும்போது, கடைத்தெருவுக்குப் போகாமல் டிராம் வண்டி ஏறித் தாவரத் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு அந்த ஊரில் பார்க்க அதைவிட உரிமையான இடம் வேறில்லை.